சாரன் மடிக்கு ஒரு டோர்ச், வயல் வாடிக்கு ஒரு டோர்ச்

தை மாதக் கடைசி. கதிர் முற்றி, வாடிக் குடிலில் காவல் தொடங்கியிருந்த நேரம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் வயல் வட்டைக்குள் நான் முன்னே, மாமா பின்னே, வரம்பில் நடந்துகொண்டிருந்தோம். என் கையில் போன் லைட். சிறிது தூரம் போனதும் மாமா சொன்னார்: "லைட்ட நெஞ்சுக்கு நேர புடிக்காதிங்க மருமகன், நிழல் விழாது. முழங்காலுக்குக் கிட்டப் புடிங்க."

கையைத் தாழ்த்தினேன். அதுவரை தட்டையாகத் தெரிந்த வரம்பு மேடும் பள்ளமுமாக மாறியது. மூன்று எட்டுக்கு அப்பால், மாட்டுச் சாணம் என்று நான் நினைத்திருந்த ஒன்றின் பின்னால் நீளமாக ஒரு நிழல் விழுந்தது. சுருண்டு கிடந்த கண்ணாடி விரியன். அது தானாக நகர்ந்து நெல்லுக்குள் இறங்கும்வரை இரண்டு பேரும் அசையவில்லை.

அந்தக் கிழமையே டோர்ச் வாங்கப் போனேன். எதைப் பார்த்து வாங்குவது என்று தெரியாது. பெட்டியில் பெரிய எண் எது என்று பார்த்து, 90,000 லூமன் என்று எழுதியிருந்த ஒன்றை எடுத்தேன். முதல் மழையிலேயே கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கியது. வாய்க்காலைக் கடக்கும்போது அணைந்தது; மறுபடி எரியவே இல்லை. கொண்டுபோய்க் காட்டியபோது கடைக்காரர் மாற்றித் தரவில்லை. அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகப் படித்து, வாங்கி, மழையிலும் உப்புக் காற்றிலும் பாவித்துப் பார்த்தேன். புதிதாக ஒரு நல்ல டோர்ச் வாங்க நினைக்கும் எங்கள் பக்கத்து ஆட்களுக்காக அதைப் படிப்படியாக எழுதுகிறேன். ஒரே டோர்ச்சால் எல்லா வேலையும் ஆகாது. எப்போதும் கூட இருக்கும் சின்னது ஒன்று, தூரம் பார்க்கிற பெரியது ஒன்று. இந்த இரண்டும் இருந்தால் போதும்.

முதல் படி: எந்த இருட்டுக்கு?

கடைக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்து, கடந்த ஒரு மாதத்தில் எந்தெந்த இடத்தில் வெளிச்சம் இல்லாமல் தடுமாறினீர்கள் என்று எழுதுங்கள். கரண்ட் போனபோது குசினியில் நெருப்புப்பெட்டி தேடியது, வளவுக்குள் கிணற்றடிக்குப் போனது, வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு முடிந்து நடுச்சாமத்தில் ஒழுங்கையால் நடந்து வந்தது, இரவில் பஞ்சர் ஆன மோட்டர் சைக்கிளைத் தள்ளியது, வாவியில் தோணி கட்டியது, வாடியில் யானைச் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் எழுதிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை மீற்றர் தூரம் தெரிய வேண்டியிருந்தது என்று குறியுங்கள்.

பெரும்பாலான ஆட்களுக்கு இந்தப் பட்டியலில் பத்துக்கு ஒன்பது 20 மீற்றருக்குள் முடிந்துவிடும். அந்த ஒன்பதும் சின்ன டோர்ச்சின் வேலை. மீதி ஒன்றுக்குத்தான் பெரியது. பெரியதைத்தான் எல்லாரும் முதலில் வாங்க ஆசைப்படுவார்கள். என் அபிப்பிராயத்தில் சின்னதை முதலில் வாங்குங்கள். காசு மிஞ்சினால் பெரியதை அடுத்த போகம் விற்ற பிறகு வாங்கலாம். பாம்பு மிதிபடுவது பெரிய டோர்ச் வீட்டில் ஆணியில் தொங்கும் இரவுகளில்தான்.

இரண்டாவது: பெட்டியில் இருக்கும் எண்களை வாசிப்பது

லூமன் என்பது டோர்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். கண்டெலா என்பது அந்த வெளிச்சம் ஒரு திசையில் எவ்வளவு இறுக்கமாகச் சேர்ந்து போகிறது என்பது. வாளித் தண்ணீரை அப்படியே முற்றத்தில் ஊற்றுவதும் அதே தண்ணீரைக் குழாய் வாயை விரலால் அடைத்துப் பீய்ச்சுவதும் ஒன்றல்ல. தண்ணீரின் அளவு லூமன். பீய்ச்சும் வேகம் கண்டெலா. அறைக்குள் லூமன் வேண்டும். வட்டையின் அந்தக் கரையைப் பார்க்கக் கண்டெலா வேண்டும்.

நல்ல கம்பனிகள் எப்எல்1 என்ற அமெரிக்க அளவு முறைப்படி எண்களைப் போடுகின்றன. அதில் "வெளிச்சம் எட்டும் தூரம்" என்று ஒரு எண் இருக்கும். அந்தத் தூரத்தில் டோர்ச் வெளிச்சம் 0.25 லக்ஸ் இருக்கும் என்பதுதான் கணக்கு. 0.25 லக்ஸ் என்பது ஏறத்தாழ வானம் தெளிந்த போயா இரவில், அதாவது பௌர்ணமியில், நிலா தருகிற வெளிச்சம். ஒரு போயா அன்று வெளியே நின்று பாருங்கள். வரம்பு தெரியும், வேலி தெரியும். ஆனால் மர நிழலில் நிற்பது மாடா யானையா என்று சொல்ல முடியாது. பெட்டியில் 400 மீற்றர் என்றால் 400 மீற்றரில் உங்களுக்கு அவ்வளவுதான் தெரியும். ஆகவே பெட்டியில் உள்ள தூரத்தைப் பாதியாக்குங்கள். மழைக்காலம் என்றால் மூன்றில் ஒன்றாக்குங்கள். அதுதான் ஒரு பொருளை இன்னதென்று அடையாளம் காணும் தூரம்.

கண்டெலா மட்டும் போட்டிருந்தால் தூரத்தை நீங்களே கணக்குப் பார்க்கலாம். கண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். 10,000 கண்டெலா என்றால் வர்க்கமூலம் 100, தூரம் 200 மீற்றர். 40,000 என்றால் 400 மீற்றர். தூரத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு கண்டெலா வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது.

நம் கண்ணும் இதே மாதிரித்தான். 500 லூமனையும் 1000 லூமனையும் அடுத்தடுத்து எரித்துப் பார்த்தால் இரண்டு மடங்கு என்று கண் சொல்லாது. கொஞ்சம் கூடுதல் என்று மட்டும் சொல்லும். 1000த்துக்கும் 1200க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கஷ்டம். அந்த வித்தியாசத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

அப்புறம் அந்த 90,000 லூமன். அது ஏன் பொய் என்று ஒரு சின்னக் கணக்கில் தெரிந்துவிடும். நல்ல எல்ஈடி டோர்ச் ஒரு வாற்றுக்கு ஏறத்தாழ 100 லூமன் தரும். 1000 லூமனுக்குப் பத்து வாற்று. 90,000 லூமனுக்குத் தொள்ளாயிரம் வாற்று, கிட்டத்தட்ட ஒரு மின்சார அயன்பெட்டியின் சக்தி. உள்ளங்கை அளவு டோர்ச்சுக்குள் அது எங்கிருந்து வரும்? வந்தாலும் கையில் பிடிக்க முடியுமா?

சூட்டின் கதை உண்மையான டோர்ச்சுகளுக்கும் பொருந்தும். நேர்மையான கம்பனி 2000 லூமன் என்று போட்டிருந்தாலும் சின்ன டோர்ச் அதை ஒன்றிரண்டு நிமிடம்தான் தாங்கும். பிறகு சூட்டுக்காகத் தானாகக் குறைத்துக்கொள்ளும். நம் வெக்கையில் இன்னும் கெதியாகக் குறைக்கும். பழுது என்று பயப்பட வேண்டாம். ஆனால் வாங்கும்போது உச்ச லூமனைப் பார்க்காமல், ஒரு மணித்தியாலம் தொடர்ந்து எவ்வளவு தரும் என்று பாருங்கள். நல்ல கம்பனிகள் நேரத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஒரு வரைபடம் போட்டிருக்கும். சின்ன டோர்ச் ஒன்று 400, 500 லூமனைத் தொடர்ந்து தந்தால் அது நல்ல டோர்ச். போன் லைட் பெரும்பாலும் 50 லூமன் அளவில்தான் நிற்கும். அதுவும் பரந்து போய்விடும்.

மூன்றாவது: செல், அதாவது பட்டரி

டோர்ச் பழுதாவதைவிட செல்லால் ஏமாறுவதுதான் அதிகம். ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

இன்றைய நல்ல டோர்ச்சுகளில் இரண்டு வகை லிதியம் அயன் செல்கள்தான் அதிகம். 18650 என்றால் 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். 21700 என்றால் 21 மில்லிமீற்றர் விட்டம், 70 மில்லிமீற்றர் நீளம். பெயரே அளவு. இரண்டும் முழுச் சார்ஜில் 4.2 வோல்ற்று காட்டும். பரவலாகக் கிடைக்கும் நல்ல 18650 செல் 3500 எம்ஏஎச் அளவு சார்ஜ் கொள்ளும். 21700 என்றால் 5000. 18650 செல்லில் 9900 என்று அச்சடித்திருந்தால் அது பொய், வேறு பேச்சே வேண்டாம். பல நேரம் பழைய லப்டொப் பட்டரியை உடைத்து எடுத்த செல்லுக்குப் புது உறை போட்டிருப்பார்கள்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. தெரிந்த நகைக்கடையில் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல 18650 செல் 45 முதல் 50 கிராம் வரை நிற்கும், 21700 ஏறத்தாழ 70 கிராம். 30, 35 கிராம் காட்டினால் உள்ளே ஒன்றுமில்லை. நான் முதல் வாங்கிய டோர்ச்சோடு வந்த செல்லைப் பிறகு நிறுத்துப் பார்த்தேன்: 31 கிராம். நிறை சரியாக இருப்பதால் மட்டும் நல்ல செல் என்று ஆகிவிடாது. பழைய செல்லும் நிறை காட்டும். ஆனால் நிறை குறைந்தால் கட்டாயம் கெட்டது. சாம்சங், எல்ஜி, பானசோனிக், மோலிசெல் ஆகியவை நம்பக்கூடிய செல்கள். அவற்றுக்கும் போலி வரும் என்பதால் வாங்கும் இடம் முக்கியம்.

இப்போது நேரக் கணக்கு. 3500 எம்ஏஎச் செல்லில் ஏறத்தாழ 12.6 வாற்று மணி சக்தி இருக்கிறது. வாற்றுக்கு 100 லூமன் என்று வைத்தால் 100 லூமனில் பன்னிரண்டு மணித்தியாலம், 500இல் இரண்டரை மணித்தியாலம், 1000இல் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. எந்த விளம்பரம் வந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. செல்லின் மேல் முனை தட்டையாகவோ சின்னக் குமிழோடோ இருக்கும். உங்கள் டோர்ச் எதைக் கேட்கிறது என்று பார்த்து வாங்குங்கள். பாதுகாப்புச் சுற்று பொருத்திய செல் சில மில்லிமீற்றர் நீளம் கூட, சில டோர்ச்சுகளுக்குள் போகாது. உறை கிழிந்த செல்லைப் பாவிக்காதீர்கள், ஒரு பிளாஸ்ரிக் உறை சுற்றும்வரையாவது. உதிரிச் செல்லைச் சாவியோடும் சில்லறையோடும் ஒரே பையில் போடவே கூடாது. இரண்டு முனையையும் ஏதாவது இரும்பு தொட்டால் நெருப்புத்தான். பிளாஸ்ரிக் டப்பி ஒன்று வாங்குங்கள்.

ஊர்க் கடையில் கிடைக்கும் பென்டோர்ச் பட்டரியில் எரியும் டோர்ச்சும் இருக்கிறது. வெளிச்சம் குறைவு, ஆனால் சார்ஜர் தேவையில்லை. எந்தச் சந்தியிலும் பட்டரி வாங்கலாம். அம்மம்மா, அப்பப்பா மாதிரி ஆட்களுக்கு அதுதான் சரி. ஆனால் மாதக்கணக்காக உள்ளேயே விட்டால் பட்டரி கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். பார்க்க அதே அளவில் இருக்கும் 14500 என்ற லிதியம் செல் 3.7 வோல்ற்று. அதை ஏற்கும் என்று எழுதியிருக்கும் டோர்ச்சில் மட்டும் போடுங்கள். மணிக்கூட்டிலோ ரிமோற்றிலோ போட்டால் அது போய்விடும்.

நான்காவது: கூடவே இருக்கும் சின்னது

இதில் முதல் கேள்வி, எங்கே வைப்பீர்கள் என்பது. நம் ஆண்கள் மாலையில் சாரனுக்கு மாறிவிடுவார்கள், சாரனில் பை இல்லை. மடியில் செருகினால் நழுவாமலும் பாரம் இழுக்காமலும் இருக்க வேண்டும். பெண்கள் வீட்டில் போடும் சட்டைக்கும் பை இருப்பதில்லை. ஆகவே செல்லோடு சேர்த்து 120 கிராமுக்குள், 12 சென்ரிமீற்றர் நீளத்துக்குள் பாருங்கள். பின்பக்கம் கயிறு கோர்க்கத் துளை இருக்க வேண்டும். கழுத்தில் போட்டாலும் மணிக்கட்டில் கட்டினாலும் கைவிட்டு விழாது. ஒரு 18650 டோர்ச் இதற்குள் அடங்கும். 21700 கொஞ்சம் தடிப்பு. கால்சட்டைப் பையில் சரி, சாரனுக்கு நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது சுவிட்ச். மலிவு டோர்ச்சுகளில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் கூட, நடு, குறைவு, மின்னல், ஆபத்துச் சமிக்ஞை என்று சுற்றிச் சுற்றி வரும். பாம்பு முன்னால் கிடக்கும்போது உங்களுக்கு வேண்டியது ஒரு வெளிச்சம். வருவது கண்ணைக் குத்தும் மின்னல். இப்படிப்பட்டதை எடுக்காதீர்கள். அணைந்த நிலையில் ஒரு தரம் அழுத்தினால் கடைசியாகப் பாவித்த அளவு, அழுத்திப் பிடித்தால் மிகக் குறைவு, இரண்டு தரம் அழுத்தினால் உச்சம் என்று இருப்பதே வசதி. மிகக் குறைவு என்றால் ஒரு லூமனுக்கும் கீழே. இதை ஏன் வேண்டும் என்று முதலில் தோன்றும். நடுச்சாமத்தில் பிள்ளை எழும்பாமல் தண்ணீர் எடுத்துக் கொடுத்துப் பாருங்கள், பிறகு அது இல்லாத டோர்ச்சை வாங்க மாட்டீர்கள். இருட்டுக்குப் பழக நம் கண்ணுக்கு இருபது, முப்பது நிமிடம் எடுக்கும். பெரிய வெளிச்சம் அதை நொடியில் கெடுத்துவிடும். அந்த அளவில் டோர்ச் பல நாள் தொடர்ந்து எரியவும் செய்யும்.

மூன்றாவது வெளிச்சத்தின் நிறம். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. பெட்டியில் கெல்வின் என்று ஒரு எண் இருக்கும். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. அதில் சருகும் மண்ணும் விரியனும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். 4000 முதல் 5000 வரை என்றால் பகல் வெளிச்சத்துக்குக் கிட்ட. அதோடு சிஆர்ஐ என்ற எண் 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறங்கள் பிரிந்து தெரியும். இதற்கு விலையாகக் கொஞ்சம் லூமன் குறையும். வரம்பில் நடப்பவருக்கு அந்த லூமன் நட்டமில்லை. மழை விட்ட இரவில் ஈசலும் பூச்சியும் மொய்ப்பதும் நீல வெளிச்சத்தைவிட மஞ்சள் கலந்ததில் குறைவாகத்தான் இருக்கிறது.

நான்காவது தண்ணீர் தாங்குவது. பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்றால் தூறலுக்கு. ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் தாங்கும். ஐபி68 தூசுக்கும் சேர்த்து. மழைக்காலத்துக்கு ஐபிஎக்ஸ்7க்குக் கீழே வாங்காதீர்கள்.

ஐந்தாவது சார்ஜ். டோர்ச்சிலேயே யூஎஸ்பி சி துளை இருந்தால் வசதி. ஒரு எச்சரிக்கை: சில டோர்ச்சுகள் இரண்டு பக்கமும் சி முனை உள்ள புது வயரில் சார்ஜ் ஏறாது. பழைய மாதிரி, ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் சி முனை உள்ள வயரில் ஏறும். டோர்ச் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பும் முன் வயரை மாற்றிப் பாருங்கள். துளையை மூடும் ரப்பர் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான். வாவியிலும் கடலிலும் வேலை செய்பவர்களுக்கு, துளையே இல்லாத டோர்ச்சும் தனிச் சார்ஜரும் நல்லது.

பெயர் கேட்பவர்களுக்கு: காசைப் பார்த்து வாங்குபவர்களுக்குக் கான்வாய் எஸ்2 பிளஸ், வுர்கோஸ் எஃப்சி11, சோஃபிர்ன் எஸ்சி31 புரோ மூன்றும் 18650 டோர்ச்சுகள். எஃப்சி11இன் பின்பக்கம் காந்தம் இருக்கிறது. மோட்டர் சைக்கிள் தாங்கியில் ஒட்டிவிட்டு இரண்டு கையாலும் பஞ்சர் பார்க்கலாம். கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால், கால்சட்டைப் பைக்கு ஃபெனிக்ஸ் பிடி36ஆர்; 21700 செல், 1600 லூமன், 283 மீற்றர். இவற்றில் எது என்பதைவிட மேலே சொன்ன ஐந்தும் பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம்.

ஐந்தாவது: பெரியது

பெரிய டோர்ச்சில் இரண்டு சாதி. ஒன்று பரந்த வெளிச்சம், மற்றது தூர வெளிச்சம். தலை அகலமாக, உள்ளே ஆழமான கண்ணாடிக் கிண்ணம் இருந்து, நடுவில் ஒரு சின்ன எல்ஈடி மட்டும் தெரிந்தால் அது தூரத்துக்கு. முகப்பில் மூன்று நான்கு எல்ஈடி நெருக்கமாக இருந்தால் பரந்தது.

போரதீவுப்பற்று, வவுணதீவு, கிரான் மேற்கு, அம்பாறைப் பக்கம் லாகுகல, பொத்துவில் என்று யானை வரும் ஊர்களில் வயல் வைத்திருப்பவர்களுக்குத் தூர வெளிச்சம்தான் வேண்டும். யானையின் உடம்பு வெளிச்சத்தை விழுங்கிவிடும்.  வெட்டிய வயலில் நிற்பதை 150 மீற்றரில் இன்னதென்று உறுதியாகக் காண, பெட்டியில் 500 மீற்றராவது இருக்க வேண்டும். அதாவது 62,500 கண்டெலா. 21700 செல் ஒன்றோடு அகலத் தலை உள்ள டோர்ச்சுகள் இதைத் தாராளமாகத் தரும். ஆனால் டோர்ச் இருக்கிறது என்ற தைரியத்தில் கிட்டப் போகாதீர்கள். அது எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டு வேறு பாதையால் வருவதற்குத்தான் இந்த வெளிச்சம். முகத்தில் அடித்து, மின்னல் போட்டு அதைச் சீண்டுவது ஆபத்து. தோணியில் போகிறவர்களுக்கும் தூர வெளிச்சம் வேண்டும். முதலை இருக்கும் குளத்தில் கரையோரமாக ஒரு தரம் வெளிச்சத்தை ஓடவிட்டால் சிவப்பாகக் கண் மின்னும்.

கரையோரத்தில், மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ வீடு என்றால் பரந்ததை எடுங்கள். மூன்று 18650 செல் போடும், சோடாப் பேணி அளவு டோர்ச் இதற்கு நல்லது. சோஃபிர்ன் எஸ்பி36 அப்படி ஒன்று. சிலதில் போனுக்குச் சார்ஜ் கொடுக்கும் வசதியும் இருக்கும். 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஓடு பறந்த இரவைப் பற்றிச் சொல்லும்போது முதலில் இருட்டைத்தான் சொல்வார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். அப்போது எங்கள் வீட்டில் பிள்ளைகள் படித்தது இந்த வகை டோர்ச்சில்தான்.

வீட்டை வெளிச்சமாக்க ஒரு முறை சொல்கிறேன். வெள்ளைச் சீலிங் இருந்தால் டோர்ச்சை மேல்நோக்கி நிமிர்த்தி வைத்து 300 லூமனில் விட்டால் அறை முழுக்கப் பரவும். ஆனால் நம்மில் பலருக்கு ஓட்டுக் கூரை, தகரக் கூரை. வெளிச்சம் மேலே போய் மறைந்துவிடும். அதற்கு ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை பால்மா போட்டுக் குலுக்குங்கள். டோர்ச் முகப்பின் மேல் போத்தலை வைத்தால் போத்தல் முழுவதும் குமிழ் விளக்கு மாதிரி ஒளிரும். பால்மா கூடிவிட்டால் அடியில் மட்டும் வெளிச்சம் நிற்கும், கவனம். உச்ச வெளிச்சத்தில் இதைச் செய்யாதீர்கள். கண்ணாடி சூடாகி போத்தல் உருகும்.

ஒன்றுக்கு மேற்பட்ட செல் போடும் டோர்ச்சில் எல்லாம் ஒரே கம்பனி, ஒரே நாளில் வாங்கியது, ஒரே அளவு சார்ஜ் என்று இருக்க வேண்டும். பழையதோடு புதியதைக் கலக்க வேண்டாம். இதில் சலுகை இல்லை. முடிந்தால் சின்னதும் பெரியதும் ஒரே வகைச் செல் போடுவதாகப் பாருங்கள், அவசரத்துக்கு ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் போடலாம்.

ஆறாவது: வாங்குவது

வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பவர்கள் செல்லையும் டோர்ச்சோடு சேர்த்தே எடுங்கள்; தனிச் செல்லை விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள். கட்டார், சவூதியிலிருந்து வரும் அண்ணன், மச்சானிடம் சொல்லி விடுபவர்கள், உதிரிச் செல்லைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், கார்கோப் பெட்டியில் போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊர்க் கடையில் என்றால் வாங்கும் முன் வால் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வளையம் இல்லாவிட்டால் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் தண்ணீர் போகும்.

ஏழாவது: வந்த பிறகு

முதல் நாள் முழுச் சார்ஜ் ஏற்றுங்கள், ஆள் விழித்திருக்கும் நேரத்தில், மெத்தையில் இல்லாமல் சீமெந்துத் தரையில் வைத்து. பிறகு ஒரு வாளித் தண்ணீரில் டோர்ச்சைப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். தண்ணீர் போகுமென்றால் வீட்டு முற்றத்தில், திருப்பிக் கொடுக்கக்கூடிய காலத்துக்குள் போகட்டும்.

பையில் அல்லது பெட்டியில் வைக்கும்போது வால் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். தெரியாமல் அழுத்துப்பட்டாலும் எரியாது. உச்ச வெளிச்சத்தில் பைக்குள் எரிந்தால் துணி கருகும், காலும் சுடும். பகல் வெயிலில் நிறுத்திய மோட்டர் சைக்கிளின் சீற்றுக்குக் கீழும் விட வேண்டாம். சூடு செல்லின் ஆயுளைத் தின்றுவிடும்.

வாவிக்கோ கடலுக்கோ கொண்டுபோனால், வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். மாதம் ஒரு தரம் திருகு மரையைப் பழைய துணியால் துடைத்து, ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிறீஸ் ஒரு துளி பூசுங்கள். தேங்காய் எண்ணெயும் வண்டிக் கிறீஸும் வேண்டாம்.

பெரிய டோர்ச் கிழமைக்கணக்கில் சும்மா தொங்கும். அதை முழுச் சார்ஜில் வைத்திருக்காமல் பாதிக்குச் சற்று மேலே வைத்தால் செல் நீண்ட நாள் உழைக்கும். ஐப்பசி பிறந்து மழை தொடங்கியதும் நிரப்பிவிடுங்கள். மறந்துபோகாமல் இருக்க நான் போயா நாளை வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒன்று வரும், லீவும் கூட. அன்று பின்னேரம் இரண்டு டோர்ச்சையும் எரித்துப் பார்த்து, செல்லைக் கழற்றி உறை கிழிந்திருக்கிறதா என்று பார்த்து, தேவையென்றால் சார்ஜ் போடுவேன். பெரியது வாசல் கதவுக்குப் பின்னால் ஒரே ஆணியில்தான் தொங்கும். கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினால் தட்டுப்படும் உயரத்தில், வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில்.

சரி, கடைசியாக ஒன்று. புது டோர்ச்சைப் போயாவில் பரீட்சிக்காதீர்கள், நிலாவே பாதி வேலையைச் செய்துவிடும். அமாவாசை இரவில் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு நீங்கள் தினமும் நடக்கிற அதே பாதையால் ஒரு தரம் நடந்து வாருங்கள், டோர்ச்சை முழங்காலுக்குக் கிட்டப் பிடித்து. எந்த அளவு வெளிச்சம் போதும், எது கூட என்று அந்த ஒரு நடையிலேயே கைக்குத் தெரிந்துவிடும்.